அணையில் தண்ணீர் திறந்தும் ஆற்றில் மீன் ஏன் குறைகிறது?

அணை பற்றிய செய்தி எதுவானாலும் அதில் மூன்று எண்கள் தவறாமல் இருக்கும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. வெளியேற்றம் கூடினால் ஆறு நன்றாக இருக்கிறது, குறைந்தால் வாடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதே ஆற்றில் மீன் செத்து மிதக்கிறது, மீன்பாடு வருடத்துக்கு வருடம் குறைகிறது என்று இன்னொரு செய்தி வரும்போது குழப்பம் வருகிறது. தண்ணீர்தான் திறந்துவிட்டார்களே, அப்புறம் மீனுக்கு என்ன கேடு?

மீனுக்குத் தண்ணீரின் அளவு மட்டும் போதாது. அது எந்த மாதத்தில் வருகிறது, எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது, அணையின் எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்படுகிறது, எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது, அதில் ஆக்சிஜன் உண்டா, வண்டல் உண்டா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் மீன் முட்டையிடுவதும் குஞ்சு பிழைப்பதும் அமையும். ஒரு மதகைத் திறக்கும்போதும் மூடும்போதும் இவை அத்தனையும் சேர்ந்தே மாறுகின்றன. செய்தியில் வருவது அதில் ஒரே ஒரு எண்.

## ஒரே டிஎம்சி, இரண்டு ஆறுகள்

முதலில் அளவைகளைப் பார்த்துவிடுவோம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு 1,000 கன அடி என்றால், ஆற்றின் ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது ஒவ்வொரு விநாடியும் சுமார் 28,300 லிட்டர் நம்மைக் கடந்து போகிறது. டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டத்தின் வேகத்தைச் சொல்கிறது. டிஎம்சி மொத்தமாக எவ்வளவு என்று சொல்கிறது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு நாளில் ஒரு டிஎம்சி திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் சீராகத் திறந்தால் விநாடிக்கு சுமார் 11,570 கன அடி போதும். அதையே மின்சாரத் தேவை அதிகமுள்ள 8 மணி நேரத்துக்குள் திறந்து முடித்தால் விநாடிக்கு சுமார் 34,700 கன அடி வேண்டும். மீதி 16 மணி நேரம் ஆறு காலி. நாள் கணக்கில் எழுதினால் இரண்டும் ஒரே டிஎம்சிதான். ஆனால் முதல் ஆற்றில் மீன் வாழலாம். இரண்டாவது ஆற்றில் படுகையின் பாதி நாள்தோறும் மூழ்கி, நாள்தோறும் காய்கிறது. தினசரி சராசரியும் மாத சராசரியும் மறைத்துவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

## அணையிலிருந்து நீர் வெளியேறும் வழிகள்

நீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறும். பெரிய அணைகளில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

1. உபரி நீர் மதகுகள். அணையின் மேல்பகுதியில் இருப்பவை. நிரம்பும்போதோ வெள்ளக் காலத்திலோ திறக்கப்படும். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீர் உயரத்திலிருந்து விழும்.
2. மின் நிலையக் குழாய்கள். டர்பைன்களுக்கு நீர் கொண்டுபோகும் இவற்றின் வாய் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கும்.
3. அடிமட்ட மதகுகள். பாசனத்துக்கும் நீர்த்தேக்கத்தைக் காலி செய்வதற்கும் பயன்படுபவை. மிகக் குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் வர வாய்ப்புள்ள வழி இது.

எந்த வழியை எப்போது பயன்படுத்துவது என்பது அணை எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. பாசன அணை மழைக்கால நீரைப் பிடித்துவைத்துச் சாகுபடிக் காலத்தில் விடும். வெள்ளத் தடுப்பு அணை, மழைக்கு முன் இடம் காலியாக இருக்க வேண்டும் என்று நினைக்கும். மின் அணைக்கு உயரம் முக்கியம். நீர்மட்டம் எவ்வளவு உயரமோ ஒவ்வொரு கன அடிக்கும் அவ்வளவு மின்சாரம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதும். ஒரே அணை மூன்றுக்கும் பயன்படும்போது எந்த மாதம் எவ்வளவு தேக்கலாம் என்று ஒரு வரைபடம் போட்டுவைத்து, அதன்படி இயக்குவார்கள். உலகின் பெரும்பாலான அணைகளில் அந்த வரைபடத்தைப் போட்டபோது மேசையில் மீனுக்கு இடமே இருக்கவில்லை. இன்று பார்க்கும் சிக்கல்களில் பாதி அங்கிருந்து வந்தவை.

## ஓட்டத்தில் மீன் கவனிக்கும் ஐந்து விஷயங்கள்

ஆற்றுச் சூழலியலாளர்கள் 1990களிலிருந்தே ஒரு ஆற்றின் ஓட்டத்தை ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பேசிவருகிறார்கள்.

1. அளவு: எவ்வளவு நீர்.
2. எத்தனை முறை: ஒரு வருடத்தில் எத்தனை வெள்ளம், எத்தனை வறட்சி.
3. எவ்வளவு நேரம்: வெள்ளம் ஒரு நாளா, ஒரு மாதமா.
4. எப்போது: எந்தப் பருவத்தில்.
5. மாறும் வேகம்: ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு சட்டென்று நடக்கின்றன.

அளவு எல்லோருக்கும் புரியும். பருவம்தான் அடிக்கடி கோட்டைவிடப்படுவது. பல ஆற்று மீன்களுக்கு முட்டையிடும் நேரத்தை அறிவிப்பது நாட்காட்டி அல்ல. நீர்மட்டம் ஏறுவதும் நீர் சூடாவதும் சேர்ந்து தரும் சைகைதான்.

சீனாவின் யாங்சி ஆற்றின் கெண்டைகளைப் பார்க்கலாம். புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை உள்ளிட்ட நான்கு இனங்கள் அங்கே நீரின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகு, ஆறு ஏறத் தொடங்கும்போது முட்டையிடும். முட்டைகள் ஓட்டத்தில் மிதந்தபடியே பொரிந்து, குஞ்சுகள் கீழே உள்ள ஏரிகளுக்கும் வெள்ளச் சமவெளிக்கும் போய்ச் சேரும். ஓட்டம் மந்தமானால் முட்டை அடியில் படிந்து செத்துவிடும். 2003இல் மூன்று பள்ளத்தாக்கு அணை நீரைத் தேக்கத் தொடங்கிய பிறகு இரண்டு சைகைகளும் குழம்பின. ஆழமான நீர்த்தேக்கம் குளிரைப் பிடித்துவைத்ததால் கீழே உள்ள ஆறு 18 டிகிரியைத் தொட நாள் தள்ளிப்போனது. இயல்பான ஏற்ற இறக்கமும் மழுங்கியது. அதனால்தான் 2011 முதல் முட்டையிடும் பருவத்தில் அணையிலிருந்து சில நாட்களுக்கு வெளியேற்றத்தைப் படிப்படியாகக் கூட்டி, செயற்கையாக ஒரு சிறு வெள்ளம் உண்டாக்குகிறார்கள். அதற்கு நாள் குறிக்கும்போது நீரின் வெப்பமும் பார்க்கப்படுகிறது. குளிர்ந்த ஆற்றில் வெள்ளத்தை மட்டும் அனுப்பிப் பயனில்லை.

## மணிக்கு மணி ஏறி இறங்கும் ஆறு

மின்சாரத் தேவை மாலையில் கூடும், நள்ளிரவில் குறையும். அனல் மின் நிலையத்தை அதற்கேற்ப அடிக்கடி நிறுத்தி ஓட்டுவது கடினம். நீர்மின் நிலையம் நிமிடங்களில் முழு வேகத்துக்கு வந்துவிடும். சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக, அவை தராத நேரத்தை ஈடுகட்டும் வேலையும் நீர்மின் நிலையங்களின் தலையில்தான் விழுகிறது. அதனால் இந்தச் சிக்கல் குறையாது, கூடவே செய்யும்.

டர்பைனை நிறுத்தும்போது கீழே நீர்மட்டம் மளமளவென இறங்கும். குஞ்சு மீன்கள் இருப்பது கரையோரத்தில், ஆழம் குறைந்த, கூழாங்கல் நிறைந்த இடங்களில்தான். ஆழத்தில் பெரிய மீன் தின்றுவிடும், நடு ஆற்றில் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். நீர் வடியும்போது முதலில் காய்வது அந்த ஓரங்களே. குஞ்சுகள் கல்லிடுக்கிலும் சிறு பள்ளங்களிலும் சிக்கிக்கொள்கின்றன. பள்ளத்தில் நீர் மிஞ்சினாலும் வெயிலில் அது சூடாகும், அல்லது பறவை கொத்திவிடும்.

நார்வேயில் ட்ரவுட், சால்மன் குஞ்சுகளை வைத்து நடந்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. நீர்மட்டம் மணிக்கு சுமார் 10 செ.மீ.க்கும் குறைவான வேகத்தில் இறங்கினால் ட்ரவுட் குஞ்சுகள் சிக்குவது வெகுவாகக் குறைகிறது. குளிர்காலப் பகல் நேரம்தான் மோசம். அப்போது குஞ்சுகள் கல்லுக்கடியில் ஒண்டிக்கிடக்கும். நீர் வடிவது தெரிந்தும் வெளியே வராது. இருட்டிய பிறகு வடித்தால் பலவும் தப்பிவிடுகின்றன. அளவில் ஒரு கன அடிகூட மாற்றாமல், டர்பைனை நிறுத்தும் வேகத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றி மீனைக் காப்பாற்றலாம் என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

சிக்கிக்கொள்ளும் மீன் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னொன்று உண்டு: மீனின் இரையே இல்லாமல் போவது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிளென் கேன்யன் அணைக்குக் கீழே இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆற்றில் படகு ஓட்டும் வழிகாட்டிகள் இரவில் முகாமிடும் இடத்தில், பொழுது சாய்ந்ததும் கரையில் ஒரு சிறு விளக்குப் பொறியை வைத்து அதில் விழும் பூச்சிகளைக் குப்பியில் அடைத்துத் தந்தார்கள். சுமார் 400 கி.மீ. நீளப் பள்ளத்தாக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து, வருடக்கணக்கில். எண்ணிப் பார்த்தபோது பூச்சிகள் சில இடங்களில் ஏராளம், சில இடங்களில் சொற்பம். அதுவும் அலை அலையாக மாறி மாறி.

காரணம் இதுதான். ஆற்றுப் பூச்சிகள் பலவும் பொழுது சாயும் நேரத்தில், நீர் தொடும் விளிம்பிலுள்ள கல்லில் முட்டையை ஒட்டும். அணையிலிருந்து தினமும் கிளம்பும் ஏற்றமும் இறக்கமும் பள்ளத்தாக்கு நெடுகிலும் அலையாக நகர்கின்றன. எனவே மாலையில் ஓரிடத்தில் நீர் உச்சத்தில் இருக்கும், வேறிடத்தில் தாழ்ந்திருக்கும். தாழ்ந்திருக்கும்போது ஒட்டிய முட்டை பிறகு நீருக்குள் போய்ப் பிழைக்கிறது. உச்சத்தில் ஒட்டிய முட்டை சில மணி நேரத்தில் வெளியே காய்ந்து சாகிறது. விளிம்பில் முட்டையிடும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் போன்ற பூச்சிகள் அந்தப் பகுதியில் அரிதாகப் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

2018 கோடையில் அணையை இயக்குபவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறுகளில் மட்டும் வெளியேற்றத்தைத் தாழ்வாகவும் சீராகவும் வைத்தார்கள். வார இறுதியில் மின்தேவை குறைவு என்பதால் இழப்பும் குறைவு. அந்த இரண்டு நாட்களில் இடப்பட்ட முட்டைகள் நீருக்குள்ளேயே இருந்தன. அந்த ஆண்டே கேடிஸ் பூச்சிகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. பல ஆண்டுகள் கண் வைத்து எண்ணிய பிறகுதான் அந்த இரண்டு நாள் யோசனை பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணாத ஆற்றில் இப்படி ஒரு தீர்வை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

## குளிர்ந்த நீர், மூச்சுவிடாத நீர்

ஆழமான நீர்த்தேக்கம் கோடையில் அடுக்கடுக்காகப் பிரியும். சூடான நீர் லேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும். நடுவே வெப்பநிலை சட்டென்று மாறும் ஒரு படலம். இந்தப் பிரிவு உண்டான பிறகு மேல் நீரும் அடி நீரும் கலப்பதில்லை. வெளிக்காற்றின் ஆக்சிஜன் அடிக்குப் போகாது. அங்கே மூழ்கிய இலைதழையும் சேறும் மக்கி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பிறகு இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும்.

இந்த அடி நீரைத் திடீரென்று திறந்துவிட்டால் கீழே மீன் மூச்சுத் திணறிச் சாகும். யாரோ ஆற்றில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகம் எழும். ஆலைக் கழிவு காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அணைக்கு நேர் கீழே, மதகு திறந்த சில மணி நேரத்தில் பல இன மீன்கள் ஒருசேரச் செத்தால், எந்த மதகு திறக்கப்பட்டது, அந்த ஆழத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். இது தீர்க்க முடியாத சிக்கலும் இல்லை. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1990களில் தன் அணைகள் பலவற்றில் டர்பைன் வழியே காற்றைச் செலுத்தியும், நீர்த்தேக்கத்துக்குள் ஆக்சிஜனைப் பாய்ச்சியும், குறைந்தபட்ச ஓட்டத்தை உறுதி செய்தும் கீழே உள்ள ஆறுகளைத் தேற்றியது.

வெப்பநிலையின் கதை இன்னும் சிக்கலானது. கிளென் கேன்யன் அணையின் மின் குழாய்கள், நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும்போது மேற்பரப்புக்கு சுமார் 230 அடி கீழே இருக்கின்றன. 1963இல் அணை மூடப்படுவதற்கு முன் அந்த ஆறு குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும், கோடையில் 27 டிகிரிக்கும் மேல் போகும். அணை வந்த பிறகு வருடம் முழுக்க 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய தெளிந்த நீர். அங்கேயே பிறந்து வளர்ந்த, முதுகில் திமில் கொண்ட சப் மீனுக்கு அந்தக் குளிரில் முட்டையிட முடியவில்லை. துணையாறுகளில் ஒதுங்கிப் பிழைத்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ட்ரவுட்டுக்கோ அந்தக் குளிர் சொர்க்கம். அணை ஆற்றை அழித்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. ஒரு கூட்டத்தை வெளியேற்றி வேறொரு கூட்டத்தைக் குடியேற்றியது என்பதே நடந்தது.

2000க்குப் பிறகு நீண்ட வறட்சியில் நீர்த்தேக்கம் இறங்கியது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீர் குழாய் வாயை நெருங்கவே, கீழே ஆறு சூடானது. திமில் மீனுக்கு நல்ல காலம் என்று தோன்றியது. ஆனால் 2022இல், நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் வாழும் சிறுவாய் பாஸ் என்ற கொன்றுண்ணி மீன் டர்பைன் வழியே உயிரோடு கடந்து அணைக்குக் கீழே குஞ்சு பொரித்திருப்பது தெரியவந்தது. அது பெருகினால் திமில் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். 2024 கோடையில் அணையை இயக்குபவர்கள் ஒரு பகுதி நீரை மின் குழாய்களைத் தவிர்த்து, இன்னும் ஆழத்திலுள்ள குழாய்கள் வழியே குளிர்ச்சியாக விட்டு ஆற்றைக் குளிர்வித்தார்கள், பாஸ் முட்டையிடாமல் இருக்க. அந்த நீரில் கிடைத்திருக்க வேண்டிய மின்சாரம் போனது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றை எப்படிச் சூடாக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா அணையில் கதை நேர் எதிர். அந்த அணை, குளிர்கால சினூக் சால்மன் முட்டையிட்டுவந்த மலை ஊற்றுகளுக்கான வழியை அடைத்துவிட்டது. இன்று அந்த மீன் அணைக்குக் கீழே, வெயில் கொளுத்தும் சமவெளியில், கோடையில் முட்டையிடுகிறது. முட்டை பிழைக்க நீர் சுமார் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் அணையின் அடியிலுள்ள குளிர்ந்த நீரே அதன் உயிர்நாடி. எந்த ஆழத்திலிருந்து வேண்டுமானாலும் நீர் எடுக்க வசதியாக 1997இல் அணையின் முகப்பில் கதவுகள் கொண்ட பெரிய இரும்புக் கட்டமைப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். வசந்தத்தில் மேல் நீரை விட்டு, குளிர்ந்த நீரைக் கோடைக்குச் சேமிப்பார்கள். 2014, 2015 வறட்சியில் அந்தச் சேமிப்பு பருவம் முடியும் முன்பே தீர்ந்தது. இரண்டு ஆண்டுகளிலும் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. ஆற்றில் அப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் முர்ரே காட், வெள்ளி பெர்ச் போன்ற, வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன்களுக்கு அணைகளின் குளிர்ந்த நீர் பெருந்தொல்லை. அங்கே பரெண்டாங் அணையில் 2014இல் நீர் எடுக்கும் கோபுரத்தைச் சுற்றி ஒரு பெரிய துணித் திரையைத் தொங்கவிட்டார்கள். அடி நீர் தடுக்கப்பட்டு மேல் நீர் மட்டும் உள்ளே போகும். கான்கிரீட் கோபுரத்தை இடித்துக் கட்டுவதைவிட மிக மலிவான வழி.

## நீரில் காற்று கூடினாலும் ஆபத்து

ஆக்சிஜன் இல்லாத நீர் கொல்லும் என்றால், காற்று அதிகம் கலந்த நீர் நல்லதுதானே என்று கேட்கலாம். ஓர் எல்லை வரைதான். உபரி நீர் உயரத்திலிருந்து ஆழமான குட்டையில் விழும்போது காற்றுக் குமிழிகளை அடிக்கு இழுத்துச் செல்கிறது. அங்குள்ள அழுத்தத்தில் அவை இயல்புக்கு மேல் கரைந்துவிடும். அந்த நீரில் வாழும் மீனின் ரத்தத்திலும் துடுப்பிலும் கண்ணிலும் வாயு குமிழியாகப் பிரிந்து வரும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் இந்த வாயுக் குமிழி நோய் 1960களிலிருந்தே கவனிக்கப்பட்டுவருகிறது. நீரில் கரைந்த வாயு, இயல்பாகக் கரையும் அளவில் 110 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. ஆனால் அங்கே கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் டர்பைனில் அடிபடாமல் இருக்க, வேண்டுமென்றே உபரி மதகு வழியே நீரை விடுகிறார்கள். அதற்காக வரம்பைச் சில இடங்களில் 125 சதவீதம் வரை தளர்த்தியிருக்கிறார்கள். டர்பைனில் சாகும் குஞ்சு எத்தனை, குமிழி நோயில் சாகும் குஞ்சு எத்தனை என்று எடைபோட்டுத்தான் இது முடிவாகிறது. மீன் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போனால் சுமார் 10 சதவீதக் கூடுதல் வாயுவின் பாதிப்பிலிருந்து தப்பிக்கலாம் என்பதால், கீழே ஆறு ஆழமாக இருக்கிறதா என்பதும் கணக்கில் சேரும்.

## வண்டல் இல்லாத ஆறு

ஓடும் நீர் மணலையும் வண்டலையும் சுமந்து வரும். நீர்த்தேக்கத்தில் ஓட்டம் நின்றதும் அத்தனையும் அங்கேயே படிந்துவிடும். கீழே வருவது தெளிந்த, பசியோடிருக்கும் நீர். அது படுகையின் சரளையையும் மணல் திட்டுகளையும் அரித்துக்கொண்டு போகும். சரளையில் முட்டையிடும் மீனுக்கு இடம் போகிறது. கலங்கலில் ஒளிந்து வாழப் பழகிய மீன் கொன்றுண்ணியின் கண்ணில் படுகிறது.

பாதிப்பு கடல் வரை போகும். 1960களில் எகிப்தின் அஸ்வான் உயர் அணை நைல் வெள்ளத்தைப் பிடித்துவைக்கத் தொடங்கியதும், வெள்ளத்தோடு வந்த ஊட்டச்சத்து நின்று, மத்தியதரைக் கடலில் எகிப்தியர் பிடித்துவந்த மத்தி மீன் ஆண்டுக்கு சுமார் 18,000 டன்னிலிருந்து சில நூறு டன்னுக்குச் சரிந்தது. 2019 இறுதியில், தாய்லாந்து லாவோஸ் எல்லையில் மீகாங் ஆறு வழக்கமான பழுப்பு நிறம் போய் நீலமாகத் தெளிந்து ஓடியது. படம் பிடித்தவர்களுக்கு அழகாகத் தெரிந்திருக்கும். நீர் குறைந்து மெதுவாக ஓடியதும் வண்டல் மேலே உள்ள அணைகளிலேயே தங்கிவிட்டதும் சேர்ந்த விளைவு அது.

## வழி அடைபடுதல்

அணை ஒரு சுவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, எனவே சுருக்கமாக. 1975இல் கங்கையில் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்குவதற்கு முன், கடலிலிருந்து வரும் ஹில்சா மீன் அலகாபாத் வரை, அதாவது இன்றைய பிரயாக்ராஜ் வரை ஏறிச் சென்றது. பிறகு நடு கங்கையில் அந்த மீன்பிடியே ஒடிந்தது. இத்தனைக்கும் அது மாபெரும் நீர்த்தேக்கம்கூட இல்லை.

மீன் ஏணி கட்டினால் போதாதா? சால்மன் போலத் துள்ளி ஏறும், வலுவான மீனுக்கு ஏணி உதவும். மீகாங் போன்ற ஆற்றில் நூற்றுக்கணக்கான இனங்கள் இடம்பெயர்கின்றன. அவை நீந்தும் ஆழமும் வேகமும் பருவமும் வேறு வேறு. இன்னொன்றும் உண்டு. மேலே ஏறிப் போய் முட்டையிட்டாலும் முட்டையும் குஞ்சும் மிதந்து கீழே வர வேண்டும். நடுவே நூறு கி.மீ. நீளத்துக்குத் தேங்கிய நீர் இருந்தால் அவை அதிலேயே படிந்துவிடும். ஏணி என்பது ஒருவழிப் பாதைக்கான பதில். திரும்பும் வழிக்கு அணையின் இயக்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

## இயக்கத்தில் என்ன மாற்றலாம்?

அணையை வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை, செலவு ஏறும் வரிசையில்:

1. டர்பைனை மெதுவாக நிறுத்துவது. ஏற்றத்தைவிட இறக்கத்துக்குக் கடுமையான வரம்பு வேண்டும். கிளென் கேன்யனில் 1996இல் வந்த விதி, ஒரு மணி நேரத்தில் வெளியேற்றத்தை விநாடிக்கு 4,000 கன அடி வரை கூட்டலாம், 1,500 கன அடிக்கு மேல் குறைக்கக்கூடாது என்றது.
2. முட்டையிடும் வாரங்களில் மட்டும் சீரான ஓட்டம்.
3. பருவத்தில் ஒரு செயற்கை வெள்ளம்.
4. நீர் எடுக்கும் ஆழத்தை மாற்றும் திரை அல்லது கதவு. டர்பைனில் காற்று செலுத்துதல்.
5. நீர் சுரங்கம் வழியே வேறிடத்து மின் நிலையத்துக்குத் திருப்பப்படும் இடங்களில், நடுவில் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு நிரந்தர ஓட்டம். இதில் விடும் ஒவ்வொரு கன அடியும் மின்சார இழப்பு என்பதால் எதிர்ப்பும் இங்கேதான் அதிகம்.

இவற்றால் ஆகாத இடங்களில் அணையையே எடுத்துவிடுவதும் நடக்கிறது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகள் 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றப்பட்டன. பின்னால் தேங்கியிருந்த வண்டல் சுமார் 2 கோடி கன மீட்டர். கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024இல் முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே சால்மன் பழைய அணைகளைத் தாண்டி மேலே ஏறியது. இரண்டு ஆறுகளிலும் அகற்றியவை மின்சாரத்துக்கான பழைய அணைகள். குடிநீருக்கும் பாசனத்துக்கும் லட்சக்கணக்கானோர் நம்பியிருக்கும் அணையில் இதைப் பேச முடியாது. அங்கே மிச்சமிருக்கும் ஒரே வழி இயக்கம்.

சட்டங்களும் மெல்ல இந்தப் பக்கம் வருகின்றன. தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச் சட்டம், மற்ற ஒதுக்கீடுகளுக்கு முன்பே ஆற்றின் உயிர்ச்சூழலுக்கு ஒரு பங்கை ஒதுக்குகிறது. இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த அறிவிப்பு, மேல் கங்கையில் இயல்பான ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதவீதம், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம் விடச் சொல்கிறது. பருவத்துக்கு ஏற்ப சதவீதம் மாறுவது நல்ல தொடக்கம். ஆனால் சதவீதம் அளவை மட்டுமே சொல்கிறது. நள்ளிரவில் டர்பைன் நின்றபோது நீர்மட்டம் எத்தனை செ.மீ. இறங்கியது, வந்த நீர் எத்தனை டிகிரி, ஆக்சிஜன் எவ்வளவு என்று அதில் தெரியாது.

இந்த மூன்றையும் அளக்கும் கருவிகள் அபூர்வமானவை அல்ல. அணைக்குக் கீழே ஓரிடத்தில் நீர்மட்டம், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் மணிக்கு ஒருமுறை பதிவு செய்து, நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் அறிவிக்கும் அதே பட்டியலில் தினமும் வெளியிட்டால், மீன் செத்து மிதக்கும் நாளில் காரணம் தேட ஒரு பதிவாவது கையில் இருக்கும். இப்போது பெரும்பாலும், மாதிரி எடுக்க ஆள் வருவதற்குள் அந்த நீர் பல கி.மீ. கீழே போயிருக்கும்.